பாகங்கள் கழுவும் மெஷினைத் தனியாகச் செய்து வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சாலையின் தேவைக்கென்றே வாஷிங் மெஷின் செய்து வாங்க நினைப்பவர்களோடு பல வருடங்களாக உட்கார்ந்து பேசி வருகிறேன். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, என் பதிலையும் கீழே எழுதியிருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் ஓடுகின்றன.

"எங்களுக்கு ஒரு வாஷிங் மெஷின் வேணும். எங்கிருந்து ஆரம்பிக்கறது?"

மெஷினை மறந்துவிட்டு, கழுவ வேண்டிய பாகத்தைக் கையில் எடுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன உலோகம், எவ்வளவு எடை, எந்த மெஷினிலிருந்து வருகிறது, அதில் என்ன எண்ணெய் அல்லது கூலன்ட் (மெஷினிங்கின்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம்), கழுவுவதற்கு முன் எத்தனை மணி நேரம் காத்திருக்கிறது, எத்தனை துளை, அவற்றில் எத்தனை மறுபக்கம் திறக்காதவை, ஒரு ஷிப்டுக்கு எத்தனை பாகம். கடைசியாக, கழுவிய பிறகு எங்கே போகிறது.

அந்தக் கடைசி வரிதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அடுத்த வேலை பெயின்டிங் என்றால் மெல்லிய எண்ணெய்ப் படலம்கூட ஆகாது. ஹைட்ராலிக் வால்வு அசெம்பிளி என்றால் படலம் கொஞ்சம் இருக்கலாம், துகள் இருக்கக் கூடாது. ஹீட் ட்ரீட்மென்ட் என்றால் காய்ந்த உப்பும் கறையும் பிரச்சினை. இன்னொரு மெஷினிங்குக்குத்தான் போகிறதென்றால் வெட்டும்போது வந்த உலோகச் சீவல் உதிர்ந்தாலே பல சமயம் போதும். ஒரே பாகத்துக்கு நான்கு விதமான மெஷின் வரும் என்பதற்கு இதுதான் காரணம்.

"அழுக்குன்னா எண்ணெய்தானே?"

எண்ணெய் ஒரு பகுதி. அழுக்கை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று படலம்: கட்டிங் ஆயில், கிரீஸ், துரு தடுக்கும் எண்ணெய், காய்ந்த கூலன்ட், கைரேகை. இன்னொன்று துகள்: சீவல், வார்ப்பு மணல், கிரைண்டிங் பொடி, துணி நார். படலத்தைக் கரைத்தோ பிரித்தோ எடுக்க வேண்டும். துகளைத் தள்ளி எடுக்க வேண்டும், தள்ளியது திரும்ப வந்து ஒட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அழுக்கின் வயதையும் கேளுங்கள். மெஷினிலிருந்து இறங்கி பத்து நிமிடத்தில் கழுவினால் கூலன்ட் சும்மா வழிந்து போகும். அதே பாகம் வாராந்திர விடுமுறை முழுவதும் ட்ரேயில் கிடந்தால் தண்ணீர் ஆவியாகி, பிசுபிசுப்பான பழுப்புப் படலம் மிஞ்சும். பாலிஷ் செய்த பாகங்களில் இருக்கும் மெழுகுப் பசை இன்னும் மோசம், ஆறி இறுகிவிட்டால் சூடு இல்லாமல் அசையாது. காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க முடிந்தால் சிறிய மெஷினே போதுமாகிவிடும்.

"'சுத்தமாக இருக்க வேண்டும்'னு ட்ராயிங்லேயே போட்டிருக்கு. அது போதாதா?"

போதாது. மெஷின் செய்கிறவர் 'சுத்தம்' என்று நினைப்பதும் உங்கள் அசெம்பிளிக்காரர் நினைப்பதும் வேறு. பிறகு சண்டை வரும்போது அளக்க எதுவும் இருக்காது. எண்ணாகச் சொல்லுங்கள்.

துகளுக்கு ஐஎஸ்ஓ 16232, விடிஏ 19 என்ற இரண்டு வழிமுறைகள் உண்டு. வாகனப் பாகங்களுக்காக வந்தவை, இப்போது மற்ற துறைகளிலும் பயன்படுகின்றன. பாகத்தைச் சுத்தமான திரவத்தால் அலசி, அந்தத் திரவத்தை மெல்லிய வடிதாள் வழியாக விட்டு, தாளில் தங்கியதை எடை போடுவார்கள். மைக்ரோஸ்கோப்பில் அளவு வாரியாக எண்ணவும் செய்வார்கள். 'ஒரு பாகத்துக்கு இத்தனை மில்லிகிராமுக்கு மேல் கூடாது, இத்தனை மைக்ரானுக்கு மேல் உலோகத் துகளே கூடாது' என்று எழுத முடிவது இதனால்தான். படலத்துக்கு எளிய சோதனை, கழுவிய பரப்பில் சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பார்ப்பது. ஒரே தகடாக நின்றால் சரி, முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய் இருக்கிறது. 38, 44 என்று எண் போட்ட சோதனை மைகளும் உண்டு, அவை பரப்பு எந்த அளவு நனைகிறது என்று காட்டும்.

ஒரு வேண்டுகோள். வேறு பாகத்தின் ட்ராயிங்கிலிருந்து எண்ணைக் காப்பி அடிக்காதீர்கள். உங்கள் அசெம்பிளியிலேயே மிகச் சிறிய இடைவெளி எது, எந்தத் துகள் அங்கே சிக்கினால் வால்வு நிற்கும் என்று பார்த்து, அதிலிருந்து எண்ணைக் கொண்டு வாருங்கள். தேவையில்லாமல் இறுக்கினால் ஃபில்டர், அறை, பேக்கிங், ஆள் பயிற்சி என்று எல்லாம் சேர்ந்து இறுகும்.

"ரெடிமேடாவே கிடைக்குதே. தனியா செஞ்சே ஆகணுமா?"

பல சமயம் வேண்டியதில்லை. பாகம் சாதாரண பாஸ்கெட்டில் அடங்கினால், ஸ்டாண்டர்டு மெஷினை வாங்கி, பாகத்தைப் பிடிக்கும் ஃபிக்ஸ்ச்சரை மட்டும் உங்களுக்கென்று செய்யச் சொல்லுங்கள். பாகம் ஒன்றோடொன்று மோதாமல், துளைகள் சரியான பக்கம் பார்க்க நின்றாலே பாதிப் பிரச்சினை தீரும். முழுக்கத் தனி மெஷின் தேவைப்படுவது பாகம் மிகப் பெரிதாக இருக்கும்போதும், குறிப்பிட்ட துளைக்குள் நாசில் நேராகப் போக வேண்டியிருக்கும்போதும், மெஷினிங் லைனுக்கு நடுவிலேயே கழுவ வேண்டியிருக்கும்போதும்தான்.

"தண்ணியில கழுவறதா, சால்வென்ட்லயா?"

துகளும் கூலன்ட்டும் அதிகம் என்றால் தண்ணீரும் டிடர்ஜென்ட்டும். கனமான எண்ணெய், குவியலாகக் கொட்டிய சின்னப் பாகங்கள், ஒன்றுக்குள் ஒன்று செருகும் பிரஸ் பாகங்கள் என்றால் சால்வென்ட் (எண்ணெயைக் கரைக்கும் ரசாயனத் திரவம்) நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அது இடுக்கில் புகுந்து சீக்கிரம் உலரும்.

ஆனால் சால்வென்ட் என்றால் பழைய திறந்த டேங்கை நினைக்காதீர்கள். ஓசோன் படலத்துக்காக 1987-இல் வந்த மான்ட்ரியல் ஒப்பந்தத்தால் சிஎஃப்சி-113 என்ற சால்வென்ட் போனது. இன்னொரு பழைய சால்வென்டான ட்ரைகுளோரோஎத்திலீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த 2016 ஏப்ரல் 21-உடன் கெடு முடிந்தது, அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை 2024 டிசம்பரில் தடை விதியை வெளியிட்டது. இப்போது வருபவை முழுக்க மூடி, வெற்றிடத்தில் ஹைட்ரோகார்பனோ மாற்றியமைத்த ஆல்கஹாலோ வைத்து ஓடும் மெஷின்கள். இவை தீப்பற்றக் கூடிய திரவங்கள், அதனால் மெஷின் நிற்கும் இடத்தையும் தீயணைப்பு ஏற்பாட்டையும் முதல் நாளே பேச வேண்டும். இன்னும் பத்து வருடம் அந்தத் திரவம் கிடைக்குமா, அனுமதி இருக்குமா என்பதையும் கேளுங்கள்.

"ஸ்ப்ரே, டிப்பிங், அல்ட்ராசானிக். இதுல எது பெஸ்ட்?"

துணி துவைப்பதைப் பற்றி ஹெர்பெர்ட் சின்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1959-இல் ஒரு வட்டம் வரைந்தார்: நேரம், வெப்பம், ரசாயனம், இயந்திர விசை. ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் ஏதாவது ஒன்றைக் கூட்டியாக வேண்டும். உலோகத்துக்கும் இது அப்படியே பொருந்தும். ஸ்ப்ரேயும் டிப்பிங்கும் அல்ட்ராசானிக்கும் அந்த வட்டத்தில் இயந்திர விசையைக் கொடுக்கும் வேறு வேறு வழிகள்.

ஸ்ப்ரே தான் நேராகப் பார்க்கும் இடத்தைத்தான் கழுவும். தட்டையான, திறந்த பாகத்துக்கு வேகமானது. பின்பக்கமும் உட்குழாயும் அதற்குத் தெரியாது. டிப்பிங்கில் திரவம் எல்லா இடமும் போகும், ஆனால் பாஸ்கெட்டைச் சுழற்றாவிட்டால் மறுபக்கம் திறக்காத துளையில் காற்று அடைத்துக்கொண்டு ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. அல்ட்ராசானிக்கில் நுண்குமிழிகள் பரப்பில் வெடித்து அழுக்கைப் பெயர்க்கின்றன. 25 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரை குமிழி பெரிது, அடி பலம். 80-க்கு மேல் போனால் மென்மை, சின்னத் துகளுக்கு ஏற்றது. பாலிஷ் செய்த அலுமினியத்தைக் குறைந்த அதிர்வெண்ணில் அதிக நேரம் வைத்தால் பரப்பில் புள்ளி விழும். பாஸ்கெட்டை நெருக்கி அடைத்தால் உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஒலி போய்ச் சேராது. மெல்லிய அலுமினியத் தாளை டேங்கில் கொஞ்ச நேரம் பிடித்தால் எங்கெங்கே ஓட்டை விழுகிறது, எங்கே விழவில்லை என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

"மரைத் துளைக்குள்ள சீவல் நிக்குது. எந்த மெஷின்லயும் வர மாட்டேங்குது."

இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். கழுவி உலர்த்திய ஒரு அலுமினிய ஹவுசிங்கை எடுத்து, அடியில் அடைத்த எம்6 மரைத் துளை கீழே பார்க்கும்படி ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழும். அந்தச் சொட்டுக்குள் கமா போல வளைந்த ஒரு சீவல் இருக்கும். துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தால் இன்னொன்று மரைப் பள்ளத்தில் சுருண்டு, ஸ்ப்ரிங் போல விரிந்து பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். வெளியிலிருந்து எவ்வளவு ஸ்ப்ரே அடித்தாலும் துளையில் நிற்கும் தண்ணீர் மெத்தை மாதிரி தாங்கிக்கொள்ளும்.

வழி இதுதான். பாகத்தை ஃபிக்ஸ்ச்சரில் ஒரே நிலையில் பூட்டி, ஒவ்வொரு துளைக்கும் நேர் எதிரே துளையை விடச் சிறிய நாசில் வைத்து அடிக்க வேண்டும், துளை கீழ்நோக்கி இருக்க வேண்டும். உள்ளே போன தண்ணீர் பக்கவாட்டில் திரும்பி வரும்போது சீவலையும் இழுத்து வரும். தனி மெஷினுக்குச் செலவு செய்வது நியாயம் என்றால் அது இந்த இடத்தில்தான்.

அதற்கு முன் இரண்டைப் பாருங்கள். அது சீவலா, பிசிறா? பிசிறு பாகத்தோடு ஒட்டியிருப்பது, அழுக்குக் கணக்கில் வராது. அதை வாஷிங் மெஷினிடம் எதிர்பார்க்கக் கூடாது, முன்னாலேயே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் தண்ணீர் அடிக்கும் தனி மெஷின் தேவைப்படும். இரண்டாவது, எஃகுப் பாகத்தில் காந்தம் ஏறியிருக்கிறதா? காந்தப் பிடிப்பான் வைத்து கிரைண்டிங் செய்த பாகங்களில் இது சகஜம். காந்தத்தை நீக்கிவிட்டுக் கழுவினால், முன்பு அசையாத பொடி தானாக உதிரும்.

"அலுமினியம் கருத்துப் போச்சு. கெமிக்கல் மட்டமா?"

மட்டமாக இருக்க வேண்டிய அவசியமில்லை, அது எஃகுக்கானதாக இருக்கும். அலுமினியமும் துத்தநாகமும் அமிலம், காரம் இரண்டிலும் கரையும். எஃகுக்குப் போடும் கடும் காரக் கரைசலில் அலுமினியத்தைப் போட்டால் பரப்பு அரித்துக் கருக்கும். காரம் குறைந்த, அரிப்பைத் தடுக்கும் சேர்மானம் உள்ள டிடர்ஜென்ட் கேளுங்கள். எஃகும் அலுமினியமும் ஒரே மெஷினில் வரும் என்றால் இரண்டில் மென்மையானதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும், அப்போது நேரமோ விசையோ கூட வேண்டியிருக்கும் (சின்னர் வட்டம்).

ஸ்ப்ரே மெஷினுக்கு நுரை வராத வகைதான் வேண்டும். அந்த வகையிலும் பல, ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேல்தான் நுரையை அடக்கும். டேங்க் சூடாவதற்கு முன் பம்ப் ஓடாதபடி கன்ட்ரோலில் பூட்டு வையுங்கள். காலையில் ஆறிய டேங்கோடு ஸ்டார்ட் செய்து நுரை தரை முழுக்கப் பொங்கியதை ஒரு முறை பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

"ரின்ஸ் ஒண்ணு போதாதா? ரெண்டாவது டேங்கை எடுத்துட்டா இடம் மிச்சமாகுமே."

எந்த டேங்கை வெட்டினாலும் அலசும் இந்த டேங்கை வெட்டாதீர்கள். கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு பாஸ்கெட்டும் கழுவும் டேங்கிலிருந்து 1 லிட்டர் அழுக்குக் கரைசலைத் தன்னோடு தூக்கி வருகிறது என்று வைப்போம். அதை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்க வைக்க வேண்டும். ஒரே ஓடும் ரின்ஸ் என்றால் பாஸ்கெட்டுக்குச் சுமார் 1,000 லிட்டர் புதுத் தண்ணீர் வேண்டும். இரண்டு டேங்க் வைத்து, கடைசி டேங்கில் புதுத் தண்ணீரை விட்டு அதன் வழிவை முதல் டேங்குக்குத் திருப்பினால் சுமார் 32 லிட்டர் போதும். மூன்று என்றால் சுமார் 10.

120 பாஸ்கெட் ஓடும் ஷிப்டில் அது 1,20,000 லிட்டருக்கும் 3,840 லிட்டருக்கும் உள்ள வித்தியாசம். மிச்சமாகிற தண்ணீர் அவ்வளவும் கழிவு நீராகவும் போகாது. கறை படியக் கூடாத பாகம் என்றால் கடைசி ரின்ஸ் உப்பு நீக்கிய தண்ணீராக இருக்க வேண்டும். கடின நீர் உலர்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும், அதை மறுபடி கழுவினாலும் போகாது.

"கழுவி வெளியே வரும்போதே துரு பிடிக்குது. கழுவாமலே விட்டுடலாமா?"

வார்ப்பிரும்பிலும் எஃகிலும் எண்ணெய் போன பரப்பு வெறுமையாக இருக்கும். அங்கே ஈரமும் காற்றும் போதும், சில நிமிடத்தில் மஞ்சள் பூத்துவிடும். கடைசி ரின்ஸில் துரு தடுப்பான் சேருங்கள், டேங்குகளுக்கு நடுவே பாஸ்கெட் தொங்கிக்கொண்டு நிற்கும் நேரத்தைக் குறையுங்கள், முழுதாக உலர்த்துங்கள். ஆனால் அடுத்தது பெயின்டிங் என்றால் அந்தத் தடுப்பான் பெயின்டுக்கு ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே சோதிக்க வேண்டும். முதல் கேள்வியில் 'அடுத்து எங்கே போகிறது' என்று கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் கூட இருந்த ஒரு இடத்தில் எல்லாம் சரியாக இருந்தும் துரு வந்தது. கடைசியில் பார்த்தால், சூடான பாகங்களை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் உடனே அடுக்கியிருந்தார்கள். ஆறும்போது மூடியின் உள்பக்கம் வியர்த்து, சொட்டுகள் மேல் அடுக்கில் விழுந்திருந்தன. துரு வட்ட வட்டமாக, சொட்டு விழுந்த அளவிலேயே இருந்தது.

"உலர்த்தறதுக்கு ஒரு ப்ளோயர் போதும்ல?"

திறந்த, கனமான, சூடாக வரும் பாகத்துக்குப் போதும். அதிலிருக்கும் சூடே ஈரத்தை விரட்டும். மெல்லிய தகட்டுப் பாகத்தில் அந்தச் சூடு கிடையாது, ஆழமான துளையில் காற்று போகாது. அங்கே வெற்றிட உலர்த்தல் வேண்டும். அழுத்தம் 100 மில்லிபாருக்கு இறங்கினால் தண்ணீர் 46 டிகிரியிலேயே கொதிக்கும், துளைக்குள் இருப்பதும் ஆவியாகி வெளியேறும். ஆனால் முதலில் காற்றடித்து நிற்கும் தண்ணீரை வெளியேற்றிவிடுங்கள். ஆவியாகும்போது பாகம் குளிர்ந்து, மீதித் தண்ணீர் அப்படியே நின்றுவிடும்.

உலர்ந்த பாகத்தை உடனே அளக்கிறீர்களா? 100 மில்லிமீட்டர் அலுமினியம் 60 டிகிரியில் இருந்தால், அளவீட்டுக்கான 20 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 0.09 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். நல்ல பாகம் ரிஜெக்ட் ஆகும். ஆற வைக்கும் ஸ்டேஷனுக்கு லேஅவுட்டில் இடம் விடுங்கள்.

"சைக்கிள் டைம் எப்படிப் போடறது?"

ஷிப்டுக்கு 2,400 பாகம், பாஸ்கெட்டுக்கு 20 என்றால் 120 பாஸ்கெட். ஓடும் நேரம் 420 நிமிடம், அதில் 85 சதவீதம்தான் உண்மையில் கிடைக்கும் என்று வைத்தால் 357. அதாவது ஏறக்குறைய 3 நிமிடத்துக்கு ஒரு பாஸ்கெட் வெளியே வர வேண்டும். கழுவ 3 நிமிடம், ஒவ்வொரு ரின்ஸுக்கும் ஒன்றரை, உலர்த்த 7 என்று ட்ரையலில் தெரிந்தால் இடறுவது உலர்த்தும் இடம். உலர்த்தும் ஸ்டேஷன் மூன்று வேண்டும். கழுவும் டேங்கோ ஒன்றுதான், அதுவும் இழுபறியாக. எல்லா வேலையும் ஒரே அறைக்குள் நடக்கும் மெஷின் என்றால் எல்லா நேரத்தையும் கூட்ட வேண்டும், திரவம் நிரப்பி வடிக்கும் நேரத்தையும் சேர்த்து.

"ஹீட்டர் எத்தனை கிலோவாட்?"

1,000 லிட்டரை 25-இலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 46.5 யூனிட் மின்சாரம் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் சூடாக வேண்டுமென்றால் 23 கிலோவாட், அதோடு இழப்புகள். ஓடும்போது மணிக்கு 600 கிலோ எஃகு உள்ளே வந்தால் அதைச் சூடாக்கவே 3 கிலோவாட்டுக்கு மேல் போகும். பாஸ்கெட்டின் எடையையும் சேர்க்க மறக்காதீர்கள், சில இடங்களில் பாகத்தைவிட பாஸ்கெட் கனம். ஷிப்டுக்கு முன்பே டைமரில் சூடாக்க முடியும் என்றால் ஹீட்டர் சிறிதாகலாம்.

"ட்ரையலுக்கு சப்ளையருக்கு என்ன அனுப்பணும்?"

உண்மையான அழுக்கோடு, துடைக்காமல், உங்களிடம் காத்திருக்கும் அளவு நேரம் காத்திருந்த பாகங்களை அனுப்புங்கள். நல்ல பாகத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் பழக்கம் இருக்கிறது, அது வேண்டாம். மிக மோசமானதை அனுப்புங்கள். ஒரு பாஸ்கெட் முழுக்க நிரம்பும் அளவு அனுப்புங்கள், ஒற்றைப் பாகம் எந்த மெஷினிலும் சுத்தமாகும். கழுவியதை எந்த முறையில் அளக்கப் போகிறீர்கள் என்பதையும் (மூன்றாவது கேள்வி) ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சப்ளையர் இடத்தில் ஒரு முறை, உங்கள் இடத்தில் உங்கள் தண்ணீரில் மறுபடி ஒரு முறை.

"முதல் ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு. இப்போ அதே மெஷின்ல ரிசல்ட் வரல. ஏன்?"

முதலில் டேங்கைப் பாருங்கள். டிடர்ஜென்ட் அடர்த்தியைத் தினமும் டைட்ரேஷன் (சொட்டுச் சொட்டாக ரசாயனம் சேர்த்து அளக்கும் சோதனை) செய்து அளக்கிறீர்களா? கரைசலின் மின் கடத்துதிறனை மட்டும் நம்பினால் சேர்ந்த உப்பும் கூலன்ட்டும் எண்ணைக் கூட்டிக் காட்டி ஏமாற்றும். மேலே எண்ணெய் மிதந்தால், பாகம் வெளியே வரும்போது அந்தப் படலம் வழியாகத்தான் வருகிறது, கழுவியதே வீண். மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கும் ஸ்கிம்மர் ஓடுகிறதா, மெஷின் நிற்கும் நேரத்தில் எண்ணெய் பிரிய அவகாசம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரின் இரண்டு பக்கமும் பிரஷர் கேஜ் வைத்து வித்தியாசத்தை எழுதுங்கள். வித்தியாசம் கூடினால் அடைத்திருக்கிறது. திடீரென்று பூஜ்யமானால் பை கிழிந்திருக்கும்.

அடுத்தது நாசில்கள். ஒன்றிரண்டு அடைத்தால் வெளியிலிருந்து தெரியாது. பாகம் எடுக்கும் பக்கத்திலிருந்து கழற்றி மாட்டும்படி டிசைன் கட்டத்திலேயே கேட்டு வாங்கியிருந்தால் இது பத்து நிமிட வேலை.

இவை எல்லாம் சரி, ஆனாலும் வரவில்லை என்றால், மெஷின் ஷாப்புக்கு நடந்து போய் கட்டிங் ஆயில் டிரம்மின் லேபிளைப் படியுங்கள். நான் போய்ப் பார்த்த ஒரு இடத்தில், விலை காரணமாக எண்ணெயை மாற்றியிருந்தார்கள். வாஷிங் பக்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. பழைய டிரம் ஒன்று மூலையில் பாதி நிரம்பி இருந்தது. அதிலிருந்து எடுத்த எண்ணெய் தடவிய பாகம் அன்று மதியமே முதல் முறையில் சுத்தமாக வந்தது.